மேல் தட்டுத் துணி

தையல் கடைக்குத் துணி கொடுக்கிறவர்களில் சொன்ன நாளுக்கு முந்தின நாளே வந்து வாசலில் நிற்கிறவர்கள் உண்டு. அவர்களைக் கண்டாலே தையல்காரர் மிஷினை இன்னும் வேகமாக ஓட்டுவார். சொன்ன நாள் போய், அடுத்த வாரமும் போய், "அடடா, மறந்தே போச்சு மாஸ்டர்" என்று தலையைச் சொறிந்துகொண்டு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் புண்ணியத்தில்தான் அவர் சொன்ன சொல் தவறாதவர் என்று பேர் வாங்கியிருந்தார். இவர்கள் போக, வராமலே போகிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கழுத்து இப்படி வேண்டும், கை அப்படி வேண்டும் என்று உயிரை வாங்கி, முன்பணமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அவர்களுக்காகத்தான் கடையில் மேல் தட்டு இருந்தது. கீழ்த் தட்டில் தைக்க வேண்டியவை, நடுத் தட்டில் தைத்து முடித்தவை. ஒரு வருஷம் பார்த்தும் ஆள் வராவிட்டால் ஸ்டூல் போட்டு ஏறி மேலே வைத்துவிடுவார். யாரோ ஒரு பையனின் அரைக்கால் சட்டை அங்கே இருந்தது, அவன் இந்நேரம் தோளுக்கு மேல் வளர்ந்திருப்பான். ஒரு கல்யாணக் கோட்டு இருந்தது. கல்யாணம் நின்றுபோனதா, மாப்பிள்ளை ஓடிப்போனாரா என்று யாருக்கும் தெரியாது. கோட்டு மட்டும் மடிப்புக் கலையாமல் காத்துக்கொண்டிருந்தது.

"நம்பர் இருக்குல்ல மாஸ்டர்? ஒரு போனைப் போட்டு, வந்து எடுத்துட்டுப் போங்கன்னா என்ன, வாய் வலிக்குமா?" என்பார் பக்கத்துக் கடையில் சாவி வெட்டுகிறவர்.

"வேணும்னா வருவாங்க. கூப்பிட்டு வந்தா அது வாடிக்கை இல்லப்பா, வசூல்."

"உங்கள மாதிரி நானும் வாய மூடிட்டு உக்காந்தா, என் கடைக்கே நான் பூட்டுப் போட வேண்டியதுதான்."

தையல்காரர் சிரிக்காமல் பாபினில் நூல் சுற்றுவார். அவருக்கு அதில் ஒரு கௌரவம். எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி மிஷின் ஓடினாலும் மனிதர் வாயிலிருந்து சத்தம் வராது.

கடைக்குப் பின்னால் ஒரு திரை. திரையை விலக்கினால் வீடு. ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு, சுவரோரம் ஒரு கட்டில், கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. அவருடைய மனைவி கடல் தாண்டிப் போய், யாரோ ஒரு பெரிய வீட்டில் படுக்கையில் கிடக்கிற ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் போனபோது மகளுக்குத் தன் செருப்பு வாரைப் போடத் தெரியாது. இப்போது அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடி தேடிக் கொடுக்கிற அளவுக்குப் பெரியவளாகிவிட்டாள். தவழ்கிற வயதில் மிஷினுக்குக் கீழே கிடந்த பட்டனை எடுத்து விழுங்கி, ஒரு நாள் முழுக்க இருவரையும் அழவைத்தவள். அதிலிருந்து அவளுக்குப் பட்டன் என்றே பேர் நிலைத்துவிட்டது.

பட்டன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அந்த மாதம் சிறுவர் சந்தை. பிள்ளைகள் தங்கள் கையால் ஏதாவது செய்து, தாங்களே விலை வைத்து, தாங்களே விற்க வேண்டும். சின்ன வயதிலேயே தொழில் பழக வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. பெற்றோர் கை படக் கூடாது, எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, சந்தை அன்றைக்கு வாங்குகிறவர்களாக மட்டும் வரலாம் என்று கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நான் சுருக்குப்பை தைக்கப் போறேன்" என்றாள் பட்டன்.

"மிஷின்ல உனக்குக் கால் எட்டாதே."

"கையாலதான். ஊசி இருக்கு, நூல் இருக்கு. துணிதான் இல்ல."

"பாக்கலாம்" என்றார் அவர். புதுப் பள்ளி வருஷம் தொடங்குகிற நேரம். சீருடைகள் கீழ்த் தட்டில் மலை மாதிரி குவிந்து கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிழவர் தூங்குகிற நேரத்தில் மனைவி போன் செய்வாள். அவள்தான் செய்வாள்; இவர் செய்ததில்லை. அந்த ஞாயிறும் அடுப்பில் முட்டையைப் போட்டுவிட்டு நிற்கும்போது போன் அடித்தது. கரண்டியோடு எடுத்தார். சாப்பாடு, இருமல், மழை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்க முடியுமான்னு கேக்குறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

அவர் முட்டையைத் திருப்பிப் போட்டார். மஞ்சள் கரு உடைந்தது.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்றது. உன் இஷ்டம்."

"என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்களத்தான் கேட்டேன்."

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வந்துவிடு என்று ஒரு சொல். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டு வந்து, நாளைக்குக் கையில் காசில்லாத ஒரு நாளில், நீங்கள் கூப்பிட்டுத்தானே வந்தேன் என்று அவள் சொல்லிவிட்டால்? வேண்டும் என்றால் அவளே வருவாள். இப்படி ஒரு கணக்கு அவருக்கு.

அந்த நேரம் பார்த்துப் பட்டன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, மேல் தட்டுல இருக்குற துணிய சந்தைக்கு எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று கையை வீசினார். மகள் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அப்போதைய அவசரம். பட்டன் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது.

"சரி, நான் யோசிக்கிறேன். நீங்களும் யோசிச்சுக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி. கூப்பிடுங்க என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க அவர் கடையில் தைத்தார்; மகள் திரைக்குப் பின்னால் தைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு பன்னைத் தேநீரில் நனைத்து விழுங்கிவிட்டுத் திரையை இழுத்து மூடிக்கொள்வாள். "எட்டிப் பாத்தீங்கன்னா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்" என்று குரல் மட்டும் வரும். அவர் பார்க்கவில்லை. ஆனால் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா? கத்திரி துணியில் போகிற சத்தம் கேட்டது. முதல் நாள் தட்டுத்தடுமாறிப் போனது, அடுத்தடுத்த நாட்களில் நேராகப் போனது. பரவாயில்லை, புலிக்குப் பிறந்தது பூனையாகாது என்று தனக்குள் மெச்சிக்கொண்டார்.

வியாழக்கிழமை போனை எடுத்தார், வைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்து அவள் பேர் வரைக்கும் போனார். அப்போது பார்த்து ஒருவர் கால்சட்டை இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லி வந்தார். அவர் போன பிறகு இன்னொருவர். யாரும் வராத நேரமும் நிறைய இருந்தது. அதில் அவர் சீருடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்தார், அடுத்தவர் வேலையையும் சேர்த்து எடுத்த மாதிரி எடுத்தார். சாயங்காலம் ஆனதும் மனசு காலியாக, விட்டது தொல்லை என்பதுபோலவும், எல்லாம் போச்சு என்பதுபோலவும் இருந்தது. யாரிடம் சொல்வது? சாவிக்காரரிடம் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். மகளிடம் சொல்ல முடியாது. மிஷினிடம்தான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை வானம் மூடி ஒரே புழுக்கமாக இருந்தது. கடையைச் சாவிக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சந்தை பாதி முடிந்திருந்தது. மைதானம் நிறைய மேசைகள். வண்ணம் பூசிய கூழாங்கல், தகர டப்பாவில் செடி, எலுமிச்சைச் சாறு. ஒரு பையன் மூன்றடுக்குக் கேக்கு வைத்துக்கொண்டு நின்றான். அதை அவனே செய்தான் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் கேட்டது.

"வாங்கக்கா, வாங்கண்ணே! கையால தைச்ச சுருக்குப்பை! வாங்காமப் போனாலும் பரவால்ல, பாக்காமப் போகாதீங்க!"

தன் மகளா? அவருக்கு நம்ப முடியவில்லை. பட்டன் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று, தொண்டை நரம்பு புடைக்கக் கூவிக்கொண்டிருந்தாள். மேசையைச் சுற்றி ஆட்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கூட்டத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்று ரசித்தார்.

அப்போதுதான் ஒரு அம்மாள் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். பாசிப்பச்சையில் வெள்ளைப் புள்ளி.

அவர் திரும்பி அந்தப் பையைப் பார்த்தார். அந்தத் துணியை அவருடைய விரல்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். ஊருக்குக் கிளம்புகிற வாரம் தனக்குச் சட்டை தைக்க மனைவி எடுத்த துணி. "ஊருக்கெல்லாம் தைக்கிறீங்க, எனக்குத் தைக்க மட்டும் நேரம் வராது. நான் திரும்பி வரும்போது இது தைச்சு ரெடியா இருக்கணும்" என்று சொல்லி, மற்ற வாடிக்கையாளர்களைப்போலச் சீட்டுக் கட்டிக் கீழ்த் தட்டில் அவளே வைத்துவிட்டுப் போனாள். அங்கே போய் இளைப்பாளோ பெருப்பாளோ, வந்த பிறகு அளவெடுத்துக்கொள்ளலாம் என்று அவர் தொடாமலே வைத்திருந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். அந்தப் பையைத் திருப்பித் தர முடியுமா? ரெண்டு மடங்கு விலை தர்றேன்."

"ஏங்க, ஓட்டையா? நல்லாத்தானே தைச்சிருக்கு?" என்று அந்த அம்மாள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டை இல்லம்மா. அது வந்து… விக்கிற துணி இல்ல."

அதற்குள் இன்னொரு பச்சைப் பை ஒரு சிறுமியின் தோளில் போனது. அவர் அந்தச் சிறுமியின் அப்பாவைப் பிடித்தார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "பாப்பா அழுவா சார்" என்று நகர்ந்துவிட்டார். அடுத்து ஒரு கல்லூரிப் பெண். தையல்காரர் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டீச்சர் வந்துவிட்டார்.

"சார், என்ன இது? பெத்தவங்களே வித்த பொருளத் திருப்பிக் கேட்டா, பிள்ளைங்க என்னத்தக் கத்துக்கும்?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூவல் நின்றிருந்தது. நாற்காலியின் மேல் நின்றபடி பட்டன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்த அம்மாள் இரக்கப்பட்டு மேசைக்குப் போய், "உங்கப்பா கேக்குறாரும்மா, வெச்சுக்கோ" என்று பையை நீட்டினார்.

"வேணாம் ஆன்ட்டி. வித்தது வித்ததுதான்" என்றாள் பட்டன்.

நாற்காலியிலிருந்து இறங்கினாள். அதற்குப் பிறகு சந்தை முடிகிறவரை அவள் வாய் திறக்கவில்லை. மேசைக்கும் யாரும் வரவில்லை.

திரும்பும்போது தூறல் போட்டது. அவர் குடையை விரித்தார். அவள் குடைக்கு வெளியே நடந்தாள். குடையை அவள் பக்கம் சாய்த்தார். இன்னும் தள்ளி நடந்தாள். சாவிக்காரர், "என்ன முதலாளியம்மா, வியாபாரம் எப்படி?" என்றபோதும் அவள் நிற்கவில்லை. கடைக்குள் வந்து, வெட்டுகிற மேசைக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்தார்கள்.

"என் கஸ்டமர்கிட்ட ஏம்ப்பா திருப்பிக் கேட்டீங்க? எல்லாரும் பாத்தாங்க."

"அது யார் துணின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அம்மாது."

"தெரிஞ்சுமா வெட்டின?" அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்கதான் எடுத்துக்கோன்னு சொன்னீங்க. ரெண்டு தடவ சொன்னீங்க."

"மேல் தட்டுல இருக்குறதத்தானே சொன்னேன்?"

"அதுவும் மேல் தட்டுலதான் இருந்துச்சு." பட்டன் மூக்கை உறிஞ்சினாள். "வராதவங்க துணியத்தானேப்பா மேல வைப்பீங்க?"

குத்திக்காட்ட அவள் அதைச் சொல்லவில்லை. கடை வழக்கத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். அதனால்தான் அவருக்கு அப்படி உறைத்தது.

"போன மழைக்குக் கூரை ஒழுகிச்சுல்ல. கீழ இருந்தா நனையும்னுதான் மேல வெச்சேன்."

"பெட்டி இருக்கே? பெட்டில வெச்சா நனையாதுல்ல?"

கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டி இருக்கத்தான் செய்தது. அன்றைக்கு அது அவர் நினைவுக்கு வரவே இல்லை. ஸ்டூலில் ஏறி, கல்யாணக் கோட்டுக்குப் பக்கத்தில் அந்தத் துணியை வைத்துவிட்டு இறங்கிய அன்று தன் மனசில் என்ன இருந்தது என்று யோசித்தார். யோசிக்கவே பயமாக இருந்தது.

"நீங்க மேல வெச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும், அம்மா வர மாட்டாங்கன்னு" என்றாள் பட்டன். "நான் உங்ககிட்ட கேக்கல. கேட்டா நீங்க பேச மாட்டீங்க."

இத்தனை நாள் இதை ஒண்டியாகச் சுமந்திருக்கிறது குழந்தை, இந்தத் திரைக்கு அந்தப் பக்கம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மழை தகரக் கூரையில் சடசடத்தது.

"காலைல நானும் உங்கள மாதிரித்தான் சும்மா உக்காந்திருந்தேன்" என்று அவளே தொடர்ந்தாள். "எல்லா மேசைக்கும் போறாங்க, எனக்கு மட்டும் வரல. அழுகையா வந்துச்சு. டீச்சர் வந்து, நீ கூப்பிடலன்னா உன்கிட்ட பை இருக்குன்னு யாருக்குத் தெரியும், வெக்கத்த விட்டுட்டுக் கூப்பிடுன்னாங்க. முதல்ல மெதுவாக் கூப்பிட்டேன். ஒரு அக்கா திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் கத்திக் கூப்பிட்டேன். பச்சைப் பைதான் முதல்ல தீந்துச்சு."

அவர் போனை எடுத்தார். இந்தத் தடவை யாரும் கால்சட்டை கொண்டுவரவில்லை. முதல் மணி அடித்து முடிவதற்குள் மனைவி எடுத்துவிட்டாள்.

"என்னங்க? என்னாச்சு? குழந்தைக்கு என்ன?" அவள் குரல் பதறியது.

"ஒண்ணுமில்ல. குழந்தை நல்லா இருக்கா."

"உங்களுக்கு ஏதாவது…"

"எனக்கும் ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் கூப்பிட்டீங்க?"

புருஷன் போன் செய்தால் வீட்டில் யாருக்கோ ஆபத்து என்று நினைக்கிற அளவுக்கு அவளைப் பழக்கி வைத்திருந்தார். அது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"வந்துடுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் கிழவர் இருமுவது கேட்டது.

"நேத்து சாயங்காலம் கையெழுத்துப் போட்டுட்டேங்க."

"ம்."

"சாயங்காலம் வரைக்கும் போனைக் கையிலயே வெச்சிருந்தேன். குளிக்கப் போறப்பகூட எடுத்துட்டுப் போனேன்."

"நானும் எடுத்தேன். எடுத்து எடுத்து வெச்சேன்."

"எடுத்து வெச்சா எனக்கு எப்படிங்க கேக்கும்?" அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம். "இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்த?"

"இப்ப சொன்னீங்களே, அத."

"வந்துடு" என்றார். இரண்டாம் தடவை சொல்வது அத்தனை கஷ்டமாக இல்லை. அதுதான் அவர் வயிற்றெரிச்சலை இன்னும் கூட்டியது. இவ்வளவு சின்னச் சொல்லா அது?

பட்டன் மேசையின் மேல் ஏறிப் போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். "அம்மா, உன் பச்சைத் துணிய நான் வெட்டிப் பை தைச்சு வித்துட்டேன். எல்லாம் தீந்துபோச்சு."

"அடிப்பாவி! எனக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கலியாடி?" அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "நல்ல விலைக்காவது வித்தியா?"

"ரொம்ப நல்ல விலை."

தையல்காரர் போனை வாங்கிக்கொண்டார். "உன் அளவச் சொல்லு."

"இப்ப எதுக்கு? வந்தப்புறம் எடுத்துக்கலாமே."

"இப்பவே சொல்லு."

"இங்க ஏதுங்க டேப்பு?"

"சாண் போட்டுச் சொல்லு. உன் சாண் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்."

அவள் போனை எங்கேயோ வைத்துவிட்டு, தன் இடுப்பைத் தானே சாணால் அளந்து, எண்ணிக்கையைச் சொன்னாள். அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தப்பாக இருக்கும் என்று மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடியும் அதேதான். கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு ஒல்லியாக இருந்ததில்லை.

"வேளைக்குச் சாப்பிடுறியா நீ?"

"சாப்பிடுறேனே" என்றாள் அவள், சட்டென்று.

அதே பச்சை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. நீலத்தில் வெள்ளைப் புள்ளிதான் கிடைத்தது. சீருடை தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்க நிற்க, அவர் முதல் வேலையாக அதை விரித்துச் சாக்குக் கட்டியால் கோடு போட்டார். அவள் சொன்ன அளவுக்குத்தான் கோடு போட்டார். ஆனால் வெட்டும்போது கத்திரியைக் கோட்டை விட்டு வெகுதூரம் தள்ளிப் பிடித்தார். தைத்து முடித்து, ஓரம் அடித்து, தேய்த்து, எந்தத் தட்டிலும் வைக்காமல் வாசல் பக்கம் ஆணியில் மாட்டினார்.

பட்டன் அந்தச் சட்டையைப் புரட்டி உள்பக்கம் பார்த்தாள். அவளுக்கும் இப்போது தையல் தெரியுமே. "ஏம்ப்பா உள்ள இவ்வளவு துணி விட்டிருக்கீங்க? வீண்தானே?"

"இருக்கட்டும். பிரிச்சு விட்டுக்கலாம். வரும்போது எந்த அளவுல வருவாளோ, யாருக்குத் தெரியும்."

பட்டன் கொஞ்ச நேரம் சட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "ரெண்டு வருஷம்னா, நான் எத்தனாங்கிளாஸ்ப்பா?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அவள் விரலை மடக்கி ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். காற்றடித்தால் அது ஆள் இல்லாமலே கொஞ்சம் உப்பும், பிறகு இளைக்கும். ஞாயிற்றுக்கிழமை வர இன்னும் நாள் இருந்தது. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார்.